இரட்டைக்குழல் துப்பாக்கியை வீட்டிலேயே சுத்தம் செய்வது எப்படி?

உரிமம் வாங்கித் துப்பாக்கி வைத்திருக்கும் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 12 போர் ஷாட்கன்தான் (போர் என்பது குழலின் உள்ளளவைச் சொல்லும் எண், ஷாட்கன் என்பது சிறு குண்டுகளைச் சிதறடிக்கும் துப்பாக்கி). தாத்தா காலத்து டபுள் பேரல், இல்லையென்றால் தோட்டக் காவலுக்கு வாங்கிய சிங்கிள் பேரல். வருடத்துக்கு நாலைந்து தோட்டா வெடித்தாலே அதிகம், மற்ற நாளெல்லாம் பீரோவுக்குள்தான் கிடக்கும். நம் ஊரில் துப்பாக்கி கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படிச் சும்மா கிடந்துதான். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்துக் காற்றில் இருக்கும் ஈரமே குழலில் துரு ஏற்றிவிடும். மாதம் ஒரு முறை அரை மணி நேரம் ஒதுக்கினால் பேரன் காலம் வரைக்கும் வரக்கூடிய பொருள் இது.

திறந்து மூடும் இரட்டைக்குழலை வைத்துச் சொல்கிறேன். திறந்து மூடும் ஒற்றைக்குழலுக்கும் இதே முறைதான்.

1. காலியா என்று பாருங்கள்

கையில் எடுத்ததும் குழலின் வாய் ஆள் இல்லாத பக்கம் பார்த்திருக்கட்டும். விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். மேலே உள்ள நெம்பைக் கட்டைவிரலால் தள்ளித் திறந்து, இரண்டு தோட்டா அறைகளையும் கண்ணால் பாருங்கள். அப்புறம் சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள். "போன தடவை காலி செய்துதானே வைத்தேன்" என்ற நினைப்பை ஒருநாளும் நம்பாதீர்கள். துப்பாக்கியைத் துடைக்கும்போது வெடித்தது என்று வரும் செய்திகளில் பாதுகாப்பாகத் துடைத்தவர் யாரும் இல்லை. இந்த ஒரு சோதனையை விட்டவர்கள்தான் இருக்கிறார்கள்.

தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிடுங்கள். பிள்ளைகள் வராதபடி கதவைச் சாத்தி, மருந்து வாடை போக ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாப்பாட்டு மேசை வேண்டாம். குழலில் இருந்து வரும் கரியில் ஈயம் கலந்திருக்கும். கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

2. என்னென்ன வேண்டும்

முறுக்கிச் சேர்க்கும் கம்பி, 12 போருக்கான வெண்கலப் பிரஷ், கம்பளி மாப்பு, சால்வென்ட் (கரியைக் கரைக்கும் திரவம்), துப்பாக்கி எண்ணெய் ஆகியவை ஆயுதக் கடையில் செட்டாகவே கிடைக்கும். கம்பி மரத்திலோ பித்தளையிலோ இருக்கட்டும், இரும்புக் கம்பி குழலைக் கீறும். கூடவே ஒரு பழைய டூத் பிரஷ். துணிக்குப் பழைய பருத்தி வேட்டியை மிஞ்ச எதுவும் இல்லை. 12 போரின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். துணியைச் சுற்றிய கம்பி அதற்குள் கொஞ்சம் இறுக்கமாகப் போகிற அளவுக்குச் சதுரம் சதுரமாகக் கிழித்து, எண்ணி வையுங்கள். எதற்கு எண்ண வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். சமையல் எண்ணெய் எதுவானாலும் நாளாவட்டத்தில் பிசினாகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். அவசரத்துக்குத் தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை. மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும், ஆனால் துருவைத் தடுக்காது. பயன்படுத்தினால் முழுக்கத் துடைத்துவிட்டு நல்ல எண்ணெய் பூச வேண்டும்.

3. கழற்றுவது

குழலுக்கு அடியில் இருக்கும் மரமான முன்கட்டையின் பிடியை விடுவித்து அதைத் தனியே எடுங்கள். பிறகு நெம்பைத் தள்ளிக் குழலைச் சாய்த்தால் கீலில் இருந்து கழன்று கைக்கு வந்துவிடும். குழல், முன்கட்டை, பின்கட்டை என மூன்று பகுதிகள். இதற்கு மேல் ஒரு திருகாணியையும் தொடாதீர்கள்.

4. குழலின் உட்புறம்

வேலையின் பெரும்பகுதி இதுதான். கம்பியை எப்போதும் தோட்டா அறைப் பக்கமிருந்து விட்டு வாய்ப் பக்கம் தள்ளுங்கள். சால்வென்ட்டில் நனைத்த துணியை ஒருமுறை ஓட்டிவிட்டுப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். அப்புறம் வெண்கலப் பிரஷ். எட்டுப் பத்து தடவை முழு நீளத்துக்கும் போய் வர வேண்டும். நடுவில் திருப்பினால் மயிர் மடங்கி மாட்டிக்கொள்ளும், வாயைத் தாண்டி வெளியே வந்த பிறகே பின்னால் இழுங்கள். அடுத்து உலர்ந்த துணிகள். முதல் துணி கறுப்பாக வரும், அடுத்தது சாம்பல் நிறம். வெள்ளையாக வரும் வரை விடாதீர்கள்.

இப்போது குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சுத்தமான குழலில் ஒளி வளையம் வளையமாக, ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். தோட்டா அறையைத் தாண்டிய இடத்திலும், வாயருகே குழல் குறுகும் சோக் பகுதியிலும் மங்கிய சாம்பல் கோடுகள் இருந்தால் அது ஈயம் அல்லது தோட்டாவின் பிளாஸ்டிக் ஒட்டியது. மறுபடி சால்வென்ட், மறுபடி பிரஷ். எவ்வளவு தேய்த்தாலும் அசையாத கரும்புள்ளிகள் துரு அரித்த குழிகள். ஒளி வளையம் ஓரிடத்தில் கோணினால் குழல் அங்கே நசுங்கியிருக்கலாம், உப்பியிருக்கலாம். ஷாட்கன் குழலின் சுவர் மெல்லியது. அதைச் சுடாமல் நேராகப் பழுது பார்ப்பவரிடம் கொண்டு போங்கள்.

கரிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி என்றால் முறை கொஞ்சம் மாறும். அந்தக் கரியில் உள்ள உப்பு எண்ணெயில் கரையாது. முதலில் வெந்நீர், பிறகு நன்றாக உலர்த்தல், அதன் பிறகே எண்ணெய்.

கடைசியாக மாப்பில் நாலைந்து சொட்டு எண்ணெய் விட்டு ஓட்டுங்கள். மெல்லிய படலம் போதும். வழியும் அளவுக்கு விட்டால் தூசி சேரும்.

5. மற்ற இடங்கள்

குழலின் பின்பக்கம் மோதி நிற்கும் முகப்பில், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி வெளியே வரும் இரண்டு துளைகளைச் சுற்றிக் கரி படியும். தோட்டாவை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டரின் அடியிலும் அப்படியே. டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் துணியால் ஒற்றி எடுங்கள். கீல் உராயும் இடத்தில் கடுகளவு கிரீஸ்.

வெளி இரும்பை எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. இரு குழல்களும் சேரும் பட்டையோரம் ஈரம் தங்கும், அங்கே கவனம். மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு சொட்டு உள்ளங்கையில் தேய்த்துப் பூசினால் போதும்.

6. மாட்டுவதற்கு முன்

துணிகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் அது குழலுக்குள் இருக்கலாம். அடைப்போடு சுட்டால் குழல் கிழிந்து கையைக் கொண்டு போய்விடும். 12 போரைவிடச் சிறியதான 20 போர் தோட்டா பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் வருவதும் இந்த பயத்தால்தான். தவறி 12 போரில் போட்டால் அது உள்ளே சறுக்கிப்போய் நின்றுவிடும், பின்னாலேயே 12 தோட்டாவும் நுழையும்.

குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே மாட்டுங்கள். வெற்றறையில் விசையை இழுத்துப் பழகாதீர்கள், ஊசி உடையும். போலித் தோட்டா கிடைக்கிறது, அதைப் போட்டு இழுக்கலாம். முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

7. வைப்பது

தோல் உறைக்குள் போட்டு மாதக்கணக்கில் வைப்பதுதான் நான் பார்த்த வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துக்கொண்டே இருக்கும். பூட்டிய பீரோவில் உறையில்லாமல், வாய் கீழாக, அடியில் துணி மடித்து நிறுத்துங்கள். மேல் நோக்கி வைத்தால் எண்ணெய் வழிந்து கட்டையின் கழுத்துக்குள் இறங்கி மரம் இளகும். கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள். யாராவது கையில் எடுத்துப் பார்த்தால் வியர்வை பட்ட இடத்தைத் துடைத்துவிட்டே உள்ளே வையுங்கள். சுட்டால் அன்றைக்கே சுத்தம். சுடாவிட்டால் மாதம் ஒரு முறை, மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை. அடுத்த முறை சுடப்போகும்போது உலர்ந்த துணி ஒன்றை ஓட்டி எண்ணெயை எடுத்துவிடுங்கள்.

குதிரை (ஊசியை அடிக்கும் சுத்தி) சரியாக ஏறவில்லை, கீல் ஆடுகிறது, கட்டையில் விரிசல் என்பதெல்லாம் நம் வேலை இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும், அப்படி உரிமம் உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வாரக்கணக்கில் நம் கைக்கு வராது. கொடுப்பதற்கு முந்தின நாள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாராளமாக எண்ணெய் பூசுங்கள். திரும்பி வந்ததும், அலமாரியில் வைப்பதற்கு முன்பே, முதல் படியில் இருந்து எல்லாவற்றையும் செய்யுங்கள்.