மார்க் ஷீட்டில் முதலிடம், சாயப்பட்டறைக்குப் போன துணி எங்கே?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி புதிதாக ஈஆர்பி, அதாவது கொள்முதல், ஸ்டாக், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருள், வாங்கப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல ஒரு எக்செல் ஷீட், இடப்பக்கம் தேவைகள், மேலே மென்பொருள்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை மார்க், அதை வெயிட்டேஜால், அதாவது அந்தத் தேவை எவ்வளவு முக்கியம் என்ற எண்ணால், பெருக்கிக் கூட்டினால் வேலை முடிந்தது. கூட்டலில் தப்பே இருக்காது. ஆனாலும் தப்பான மென்பொருள் ஜெயித்துவிடும்.

எப்படி? ஜாப் ஒர்க்குக்கு, அதாவது துணியை வெளியே கொடுத்துச் சாயம் போடுவது போன்ற வேலைகளின் கணக்குக்கு, வெயிட்டேஜ் 30, மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 70. முதல் மென்பொருளுக்கு ஜாப் ஒர்க்கில் 1, மற்றதில் எல்லாம் 5, ஆக 380. இரண்டாவதற்கு ஜாப் ஒர்க்கில் 5, மற்றதில் 3, ஆக 360. அழகான டேஷ்போர்டும் மொபைல் ஆப்பும் ஜெயித்தாயிற்று. ஆனால் சாயப்பட்டறைக்கு 100 கிலோ துணி போய் 95 கிலோ திரும்பியிருக்கிறது, மீதி பிராசஸ் லாஸா, அதாவது வேலையின்போது குறைந்த எடையா, அல்லது இன்னும் அங்கேயே கிடக்கிறதா என்று சொல்லத் தெரியாத மென்பொருளை வைத்துக்கொண்டு அந்த ஊரில் என்ன செய்வது? ஜாப் ஒர்க்குக்குப் போன துணி 1 வருடத்துக்குள் திரும்பவும் இல்லை, அங்கிருந்தே விற்கவும் இல்லை என்றால், அனுப்பிய நாளிலேயே விற்றதாக ஜிஎஸ்டியில் கணக்காகிவிடும், வட்டியோடு வரி கட்ட வேண்டும்.

அதனால் இல்லாமல் முடியாது என்கிற தேவைக்கு மார்க்கே போடாதீர்கள். இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான். இல்லையென்றால் அந்த மென்பொருள் பட்டியலிலேயே வேண்டாம். விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ், அதாவது அரசுத் தளத்தில் பில்லைப் பதிவு செய்வது, கட்டாயம். பிரைவேட் லிமிடெட் என்றால், கணக்கில் எது எப்போது திருத்தப்பட்டது என்ற பதிவும் 2023 ஏப்ரல் முதல் மென்பொருளிலேயே இருந்தாக வேண்டும். இதற்கெல்லாம் ஐந்துக்கு மூன்று என்று போட்டால் அதற்கு என்ன அர்த்தம்?

அப்புறம், யாரும் கவனிக்காத ஒன்று. தேவைகளின் பட்டியலில் ரிப்போர்ட் பற்றி பன்னிரண்டு வரி எழுதிவிட்டு ஜாப் ஒர்க்கை ஒரே வரியில் முடித்திருப்பார்கள். நீங்கள் வெயிட்டேஜ் கொடுக்காவிட்டாலும் அந்தப் பன்னிரண்டு வரியே வெயிட்டேஜ்தான். பெரும்பாலும் அந்தப் பன்னிரண்டும் ஏதோ ஒரு மென்பொருளின் விளம்பரத் தாளிலிருந்து வந்தவையாக இருக்கும், சந்தேகமிருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். வெயிட்டேஜையும் டெமோ பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்து பூட்டிவிடுங்கள். பார்த்த பிறகு போட்டால், மனதுக்குப் பிடித்தது ஜெயிக்கிற வரை எண்ணை மாற்றிக்கொண்டே இருப்போம், நானும் செய்திருக்கிறேன்.

மார்க்குக்கும் ஒரு பொருள் வேண்டும். வாங்கியவுடன் ஓடுமென்றால் 5, செட்டிங் மாற்றினால் போதுமென்றால் 3, புதிதாக புரோகிராம் எழுதித்தான் கொண்டுவர வேண்டுமென்றால் 1. விற்பவரிடமே ஷீட்டை நிரப்பக் கொடுத்தால் எல்லாக் கட்டத்திலும் 'இருக்கிறது' என்றுதான் வரும். 'பண்ணித் தந்துடலாம் சார்' என்பது 1, அதற்கு மேல் இல்லை.

சராசரியும் ஏமாற்றும். கணக்குப் பார்ப்பவர் 5, ஸ்டோரில் இருப்பவர் 1, சராசரி 3 என்று போட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த 1 ஏன் என்று போய்க் கேளுங்கள். முடிந்தால் அடுத்த டெமோவுக்கு அவரையே கூட்டிக்கொண்டு போங்கள், போன மாதம் சரக்கோடு போன டெலிவரி சலான்கள் பத்தை அவர் கையில் கொடுத்து, அதை அங்கேயே அந்த மென்பொருளில் ஏற்றிக்காட்டச் சொல்லுங்கள்.