பழைய பிக்கப்பில் மைலேஜ் குறைகிறதா? பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கடலூர் முதுநகரில் விடியற்காலையில் மீன் பெட்டி ஏற்றி, புதுச்சேரிக்கோ பண்ருட்டிக்கோ போய் இறக்கிவிட்டு வரும் வண்டி என்னுடையது. 2010 மாடல் டீசல் பிக்கப். நல்லபடியாக இருந்தபோது லோடோடு லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்தது. மூன்று வருடத்துக்கு முன்பு அது மெல்ல மெல்ல 10-க்கு வந்து நின்றது. எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். இன்ஜினுக்கு டீசல் அனுப்பும் பம்பைக் கழற்றிக் கொடுத்தேன். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில் மாற்றி, பம்பு செட்டிங் பார்த்து வர 18,000 ரூபாய் ஆயிற்று. மைலேஜ் அரை கிலோமீட்டர்கூட ஏறவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். பின் டயர் பஞ்சர். ஜாக்கி வைத்துத் தூக்கியதும் பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளினார். கால் சுற்று சுற்றிவிட்டு அப்படியே நின்றது. "என்னண்ணே, பிரேக்கப் புடிச்சிக்கிட்டே ஓட்டுறீங்களா?" என்று கேட்டார். 18,000 ரூபாய் கொடுத்தும் தெரியாத விஷயம் அந்த ஒரு தள்ளில் தெரிந்தது.

மைலேஜ் விஷயத்தில் நாம் செய்யும் பெரிய தவறு இதுதான் என்பேன். சந்தேகம் முதலில் இன்ஜின் மேலேயே போகிறது. இன்ஜின் ஒழுங்காகத்தான் உழைத்துக்கொண்டிருக்கும், அதன் உழைப்பைப் பாதி வழியில் ஏதோ ஒன்று தின்றுகொண்டிருக்கும்.

சக்கரம் பிடிக்கிறதா என்று பார்க்காமல் விடுவது

கடலோரத்து வண்டிகளுக்கு இந்தக் கோளாறு சீக்கிரம் வரும். காற்றிலேயே உப்பு. மீன் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் தொட்டியின் இடுக்கு வழியாக ஹேண்ட் பிரேக் கேபிள் மேலேயும் பின் டிரம் மேலேயும் சொட்டிக்கொண்டே இருக்கும். கேபிள் உறைக்குள் துருப்பிடித்தால் லீவரை இறக்கினாலும் உள்ளே டிரம்மை அழுத்திப் பிடிக்கும் லைனர் முழுதாக விலகாது. முன்பக்கம் டிஸ்க் என்றால் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் நகர வேண்டிய ஊசி (பின்) இறுகிக்கொள்ளும். வண்டி ஓடும், ஆனால் நீங்கள் லேசாக பிரேக் மிதித்துக்கொண்டே ஓட்டுவதாகத்தான் அர்த்தம்.

கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். 15 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் வண்டியை உருள விட்டு நிறுத்துங்கள். நான்கு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொடாதீர்கள், பிடிக்கிற டிரம் தோலைப் பொசுக்கிவிடும். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் ஆள் அகப்பட்டான். அப்புறம் சமதளத்தில் மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். பின் சக்கரம் கொஞ்சம் கனமாகத்தான் சுற்றும், கூடவே ஆக்ஸிலும் ஷாஃப்டும் சுற்ற வேண்டுமே. ஆனால் எங்கேயும் கவ்வக் கூடாது. வலது இடது இரண்டையும் ஒப்பிட்டால் வித்தியாசம் கைக்கே தெரிந்துவிடும்.

எனக்குக் கேபிள், வீல் சிலிண்டர் கிட், கிரீஸ், கூலி எல்லாம் சேர்த்து 2,000-க்குள் முடிந்தது. அடுத்த டேங்கிலேயே 12-ஐத் தொட்டது.

காற்றை ஓடி வந்த சூட்டில் அளப்பது

லோடோடு 30 கிலோமீட்டர் ஓடி வந்து, டயர் சூடாக இருக்கும்போது காற்று பார்க்கிறோம். சூட்டில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். "அதிகமா இருக்கு" என்று கடைக்காரர் கொஞ்சம் இறக்கிவிடுவார். ஆறிய பிறகு அது குறைந்த காற்று. காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பார்ப்பதே சரி. எவ்வளவு வேண்டும் என்பது டிரைவர் கதவுப் பக்கத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ வண்டியோடு வந்த புத்தகத்திலோ இருக்கும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, லோடு இருந்தால் வேறு. நான்குக்கும் ஒரே அளவு அடிப்பதுதான் நம்ம வழக்கம்.

நான்கு டயரிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கணக்குச் சொல்கிறது. கேட்கச் சின்னதுதான். ஆனால் மாதக்கணக்கில் பார்க்காத வண்டியில் 15 குறைந்து கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அது 3 சதவீதம், டயர் தேய்மானம் தனி. அதற்காக மைலேஜ் ஆசையில் அளவுக்கு மேல் அடித்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், மழைத் தெருவில் பிடிமானமும் இருக்காது.

டீசல் முள்ளைப் பார்த்து மைலேஜ் சொல்வது

"அரை டேங்க்ல இவ்ளோ ஓடும், இப்ப ஓடல." இப்படிச் சொன்னால் மெக்கானிக்குக்கு ஒன்றும் விளங்காது. பழைய வண்டியின் முள் மேடு பள்ளத்துக்குத் தகுந்தபடி ஆடும். ஒரே பங்க்கில், பங்க் குழாய் முதல் தடவை தானாக நிற்கும் வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 300, 400 ஓடிய பிறகு அதே மாதிரி நிரப்புங்கள். 412 கிலோமீட்டருக்கு 35.2 லிட்டர் பிடித்தால் 11.7. இப்படி மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள், ஒரு தடவைக் கணக்கை நம்ப வேண்டாம்.

ஒரு வேடிக்கையும் உண்டு. சிலர் தோரணைக்காகப் பெரிய டயர் போட்டுவிட்டு மைலேஜ் விழுந்துவிட்டது என்பார்கள். டயரின் சுற்றளவு 3 சதவீதம் கூடினால் மீட்டர் 3 சதவீதம் குறைத்துத்தான் காட்டும். 100 ஓடியது 97 என்று பதிவாகும். கனத்தால் கொஞ்சம் டீசல் கூடச் செலவாவது உண்மைதான், ஆனால் பாதி நஷ்டம் கணக்கில் மட்டுமே இருக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது

பழைய வண்டி என்றால் பாதிக்குப் பாதி இது கழன்றுதான் இருக்கும். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு, அடைச்சிக்கிட்டா சூடாயிடும்" என்று எடுத்துவிடுகிறார்கள். என் வண்டியை முதலில் வைத்திருந்தவரும் எடுத்துவிட்டிருந்தார்.

அது ஒரு சின்ன வால்வு. உள்ளே மெழுகு. இன்ஜின் தண்ணீர் 80 டிகிரியைச் சுற்றி வரும்வரை ரேடியேட்டருக்குப் போகிற வழியை மூடி வைத்திருக்கும், சூடேறியதும் மெழுகு விரிந்து வழிவிடும். அதை எடுத்துவிட்டால் முதல் நிமிடத்திலிருந்தே தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறி ஆறித் திரும்பும். காலை 4 மணிக்குத் துறைமுகத்திலிருந்து கிளம்பினால், ஆல்பேட்டை தாண்டியும் டெம்பரேச்சர் முள் கீழேயே படுத்திருக்கும். குளிர்ந்த இன்ஜினில் ஆயில் கெட்டியாக இருப்பதால் உராய்வு அதிகம், டீசலும் ஒழுங்காக எரியாது. சில இன்ஜின்களில் வால்வு இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பும் பைபாஸ் வழி திறந்தே கிடந்து, எதற்குப் பயந்து எடுத்தார்களோ அந்தச் சூடே வந்து சேரும்.

10 கிலோமீட்டர் ஓடியும் முள் நடுவுக்கு வரவில்லை என்றால் இதைத்தான் முதலில் கேளுங்கள். சில நூறு ரூபாய்ச் சாமான். கூடவே, முன்பு ஏன் சூடாயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ரேடியேட்டர் அடைப்புதான். கடலோரத்து போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே உப்புப் படிந்திருக்கும். கூலன்ட் ஊற்ற வேண்டிய இடத்தில் குடத்துத் தண்ணீர் ஊற்றினால் அப்படித்தான்.

கரும்புகையைப் பலம் என்று நினைப்பது

வண்டி இழுக்கவில்லை என்றால் பம்பின் ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டிவிடும் பழக்கம் இருக்கிறது. இழுக்கத்தான் செய்யும். பின்னால் கரும்புகையும் வரும். அது சரியாக எரியாத டீசல், நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. எரியத் தேவையான காற்று கிடைக்காததுதான் காரணமாக இருக்கும். முதலில் ஏர் ஃபில்டர், அடுத்து இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் ஹோஸில் வெடிப்பு, அதற்கும் பிறகுதான் நாசில். ஃபில்டரைக் கம்ப்ரஸரில் ஊதுகிறவர்கள் வெளியிலிருந்து உள்ளே பலமாக அடித்துக் காகிதத்தைக் கிழித்துவிடுவார்கள். கிழிந்த ஃபில்டர் அடைத்ததைவிட மோசம், மணல் நேரே இன்ஜினுக்குள் போகும்.

ஓட்டும் கையில் போவது

கேப்பர் மலை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், சிலர் சாவியையே அணைக்கிறார்கள். கியரில் போட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வண்டியின் வேகமே இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும், பம்பு டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் சும்மா ஓடவே (ஐடிலிங்) டீசல் போயே ஆக வேண்டும். அதாவது மிச்சம் பிடிப்பதாக நினைத்துக் கூடச் செலவு செய்கிறோம். இன்ஜினை அணைத்துவிட்டாலோ பிரேக் மிதிக்கு உதவும் வாக்யூம் (உறிஞ்சு விசை) போய் இரண்டு மிதியில் பிரேக் கல்லாகிவிடும். இதில் டீசல் பேச்சே வேண்டாம், உயிர் போகும்.

வேகம் இன்னொன்று. பிக்கப்பின் முகம் சுவர் மாதிரி. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறும், 60-இலிருந்து 80-க்குப் போனால் ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேல். கடலூர் – புதுச்சேரி சுமார் 25 கிலோமீட்டரில் 80-இல் போனால் 6 நிமிடம் மிச்சம். அந்த 6 நிமிடத்தை அரியாங்குப்பத்து நெரிசலில் கொடுத்துவிட்டு நிற்கிறோம். தார்ப்பாயைத் தளர்வாகக் கட்டிப் படபடக்க விட்டால் அதுவும் ஒரு பாய்மரம்தான்.

வரிசையில் காத்திருக்கும்போது இன்ஜினை ஓட விடுவதும் அப்படியே. இந்த அளவு இன்ஜின் சும்மா நின்றாலே மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். தினம் 40 நிமிடம் என்றால் மாதம் 8 லிட்டராவது போகும். ஏன் அணைப்பதில்லை என்று கேட்டால் உண்மையான பதில் வேறாக இருக்கும்: பேட்டரி வீக், மறுபடி ஸ்டார்ட் ஆகுமோ ஆகாதோ என்ற பயம். அந்த 8 லிட்டர் காசில் புது பேட்டரிக்குத் தவணை கட்டலாம். டர்போ வண்டி என்றால் ஓடி வந்த சூட்டில் ஒரு நிமிடம் விட்டு அணைத்தால் போதும்.

கிளட்ச் மேல் காலை வைத்தே ஓட்டாதீர்கள். டாப் கியரில் 30-இல் திணற விடாதீர்கள். தேவையில்லாத காலிப் பெட்டி, நனைந்த கயிறு, பழைய ஸ்டெப்னி எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். ஆயிலைக் கெட்டியாக ஊற்றினால் புகை அடங்கும் என்று யாராவது சொன்னால், புத்தகத்தில் போட்ட கிரேடைக் காட்டுங்கள்.

மைலேஜைக் கூட்டும் என்று விற்கிற காந்தம், குப்பி மருந்து எதையும் வாங்கியதில்லை, வாங்கப் போவதுமில்லை. மண்ணெண்ணெய் கலப்பது சட்டப்படி குற்றம், அத்தோடு டீசலின் வழவழப்பு அதில் இல்லாததால் பம்பு உள்ளே தேய்ந்து, மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு பில் வரும்.

கடைசியாக எங்கள் ஊருக்கே உரிய ஒரு தவறு. புதுச்சேரியில் டீசல் விலை குறைவு என்பதால், முள்ளோடை எல்லையில் நிரப்புவதற்கென்றே இங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போவது. லிட்டருக்கு 5 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 40 லிட்டருக்கு 200 மிச்சம். முதுநகரிலிருந்து போக வர 20 கிலோமீட்டருக்குக் குறையாது. லிட்டருக்கு 12 கொடுக்கிற வண்டிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல், அதாவது 150 ரூபாய் போய்விடும். 50 ரூபாய்க்கு ஒரு மணி நேரம். நான் புதுச்சேரியில் லோடு இறக்குகிற நாளில் மட்டும் திரும்பும் வழியில் நிரப்பிக்கொள்கிறேன். பண்ருட்டி ஓட்டம் உள்ள வாரத்தில் முதுநகர் பங்க்தான்.