வலிப்பு மாத்திரையின் பக்க விளைவுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபிட்ஸ் மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் தூக்கம் சொக்குவதும் தலை சுற்றுவதும் சகஜம். உடம்பு பழகப் பழகப் பலருக்கும் இது குறைந்துவிடும். இதைத் தாங்க முடியாமல் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. அடங்கியிருந்த வலிப்பு திரும்பி வரலாம்; வந்தால் நிற்காமல் தொடரவும் செய்யலாம். 5 நிமிடத்தைத் தாண்டியும் நிற்காத வலிப்பு உயிருக்கே ஆபத்து. தொந்தரவு இருக்கிறதென்று சொன்னால் டாக்டர் அளவைக் குறைக்கலாம், வேளையை மாற்றலாம், மருந்தையே படிப்படியாக மாற்றலாம். அதை நாமே செய்யக் கூடாது.

தோலில் தடிப்பு வந்தால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். லாமோட்ரிஜின், கார்பமசெபைன், ஃபெனிடாய்ன் சாப்பிடுபவர்களில் மிகச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் 2 மாதங்களுக்குள், தோல் உரிந்து உயிரைப் பறிக்கும் அளவுக்கு ஒவ்வாமை வரும். ஏதோ அலர்ஜி என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். கூடவே காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, கொப்புளம் இருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். லாமோட்ரிஜினைப் பல நாள் விட்டுவிட்டுப் பழைய அளவிலேயே மறுபடி தொடங்குவதும் இந்த ஆபத்தைக் கூட்டும்.

அதிகம் கவனிக்கப்படாதது மனநிலை மாற்றம். அமைதியான பையன் கதவை அறைந்து சாத்துகிறான், எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறான். வயசுக் கோளாறு என்று வீட்டில் திட்டு விழுகிறது. அவன் சாப்பிடுவது லெவெடிராசெட்டமாக இருந்தால், மாத்திரை தொடங்கிய தேதியையும் கோபம் தொடங்கிய தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எரிச்சலும் சிடுசிடுப்பும் இந்த மருந்தின் தெரிந்த பக்க விளைவுகள். குணம் கெட்டுவிட்டது என்று பழி சுமத்துவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். வலிப்பு மருந்துகள் சிலருக்குத் தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் எச்சரித்தது. அது அரிதுதான், ஆனாலும் வீட்டில் யாராவது சோர்ந்து ஒதுங்கினால் வாய்விட்டுக் கேளுங்கள், டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

டோபிரமேட் சாப்பிடும் சிலருக்குத் தெரிந்த சொல்கூட வாயில் வராது. சிறுநீரகக் கல்லும் வரலாம். ஃபெனிடாய்னால் ஈறு தடிக்கும். பல் டாக்டரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லாமல் விடாதீர்கள்.

பெண்கள் குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே டாக்டரிடம் பேச வேண்டும். வால்ப்ரோயேட் கர்ப்பத்தில் 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்குப் பிறவிக் குறைபாட்டையும், 30 முதல் 40 பேருக்கு மூளை வளர்ச்சிக் குறைபாட்டையும் ஏற்படுத்தலாம். கார்பமசெபைனும் ஃபெனிடாய்னும் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். எதிர்பாராமல் கரு தங்கிவிட்டால் பயந்துபோய் மாத்திரையை நிறுத்த வேண்டாம். வழக்கமான வேளைக்குச் சாப்பிட்டுவிட்டு, அன்றைக்கே நரம்பியல் டாக்டரைப் பாருங்கள்.