1965 மஸ்டாங்கைப் பந்தயத் தடத்துக்குத் தயார் செய்வது எப்படி?

பழைய அமெரிக்க மஸில் கார் (பெரிய எஞ்சின் கொண்ட வேகக் கார்) ஒன்றை வாங்கியவுடன் பெரும்பாலோர் கை வைப்பது எஞ்சினில்தான். கார்புரேட்டர், கேம் ஷாஃப்ட், சைலன்சர் என்று கையிருப்பு கரைந்துவிடும். தடத்தின் முதல் வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி நேராகவே போகப் பார்க்கும். நான் சொல்லப்போகும் வரிசை வேறு. முதலில் உடல், அடுத்து பாதுகாப்பு, சஸ்பென்ஷன், பிரேக். எஞ்சின் கடைசி.

இந்த வரிசைக்கு நல்ல சாட்சி, அமெரிக்கப் பந்தயக் கார் வடிவமைப்பாளர் ஷெல்பியின் மஸ்டாங். 1964 ஏப்ரல் 17 அன்று விற்பனைக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங், ஃபால்கன் என்ற குடும்பக் காரின் பாகங்களைக் கொண்டு உருவான சாதுவான வண்டி. கரோல் ஷெல்பியின் குழு அதை ஜிடி350 ஆக மாற்றியபோது, சாலையில் ஓடும் வண்டியின் எஞ்சினில் கூட்டியது 271 குதிரைத்திறனில் இருந்து 306 வரைதான். மற்ற உழைப்பில் பெரும்பகுதி சக்கரங்களைச் சுற்றியே நடந்தது. அதன் பந்தய வடிவமான ஜிடி350ஆர், 1965 பிப்ரவரியில் டெக்சஸின் கிரீன் வேலி தடத்தில் கென் மைல்ஸ் ஓட்ட, முதல் பந்தயத்திலேயே வென்றது. அந்த ஆண்டு தொடங்கி மூன்று ஆண்டுகள், அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சங்கமான எஸ்சிசிஏ-வின் பி-புரொடக்‌ஷன் பிரிவுப் பட்டமும் அதற்கே. ஆகவே 1965, 1966 மஸ்டாங்கையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

வண்டியின் அடையாள எண்ணில், இலக்கங்களையும் சேர்த்து எண்ணி ஐந்தாவதாக வரும் எழுத்தைப் பாருங்கள். சி என்றால் 200 குதிரைத்திறன் கொண்ட 289 கன அங்குல வி8. ஏ என்றால் அதே எஞ்சின் 225 குதிரைத்திறனில். தொடக்கத்துக்கு இந்த இரண்டும் தாராளம். டி (T) என்றால் ஆறு சிலிண்டர். விலை குறைவு என்று அதை வாங்காதீர்கள். அதன் சக்கரத்துக்கு நான்கே போல்ட். அச்சு, பிரேக், ஸ்டீயரிங் பாகங்கள் எல்லாமே மெலிந்தவை, ஒவ்வொன்றாக மாற்றவேண்டி வரும். கே என்று இருந்தால் அது அரிய வண்டி. அதை வெட்டவோ துளையிடவோ வேண்டாம், அப்படியே பாதுகாக்கத் தெரிந்த ஒருவரிடம் போகட்டும்.

அடுத்தது துரு. இந்த மாடலின் தீராத நோய், விண்ட்ஷீல்டுக்கு முன்னால் காற்று நுழையும் கிராதிக்கு அடியில் இருக்கிறது. அங்கே இலைகளும் மண்ணும் தேங்கி, ஈரம் காயாமல், உள்ளேயிருக்கும் தகடு அரித்துப்போகும். ஒரு வாளித் தண்ணீரைக் கிராதியில் மெதுவாக ஊற்றுங்கள். ஒருவர் உள்ளே படுத்து டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். பக்கவாட்டு வழியாகத் தண்ணீர் வெளியே தரையில் இறங்கினால் நல்லது. உள்ளே சொட்டினால், கால் வைக்கும் தரையும் பெரும்பாலும் போயிருக்கும். அதைச் சரிசெய்ய நிறைய வெல்டிங் புள்ளிகளைப் பிரித்தாகவேண்டும். கூடவே பானட்டைத் திறந்து, முன் ஸ்பிரிங்கைத் தாங்கும் இரண்டு கோபுரங்களிலும் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 2: உடலை இறுக்குதல்

இருக்கை, கம்பளம், தார்ப்பூச்சு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, துருப்பிடித்த தகடுகளை மாற்றுங்கள். இந்த வண்டிக்குத் தனிச் சட்டம் (ஃபிரேம்) கிடையாது. முன்னும் பின்னும் இருக்கும் சட்டத் துண்டுகளுக்கு நடுவே வெறும் தரைத் தகடுதான். இரண்டையும் எஃகுக் குழாயால் இணைத்து வெல்டிங் செய்யுங்கள். வண்டி தன் சக்கரங்களின் மேல் நிற்கும்போது இதைச் செய்யவேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது செய்தால் கோணலாகவே இறுகிவிடும். எஞ்சின் அறையில், கோபுரங்களை ஃபயர்வாலோடு (எஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள சுவர்) பிணைக்கும் ஒற்றைத் தகட்டுத் தாங்கியையும், இரண்டு பக்கத்தையும் குறுக்கே இணைக்கும் கம்பியையும் பொருத்துங்கள்.

படி 3: உயிர் காக்கும் வேலைகள்

இதில் சிக்கனம் கூடவே கூடாது. இந்த மஸ்டாங்கின் பெட்ரோல் டேங்கின் மேற்பரப்புதான் டிக்கியின் தரை. டிக்கிக்கும் உங்கள் முதுகுக்கும் இடையே இருப்பது பின் இருக்கையும் ஓர் அட்டையும் மட்டுமே. பின்னாலிருந்து பலமாக மோதினால் பெட்ரோல் நேராக உள்ளே வந்துவிடும். பின் இருக்கை இருந்த இடத்தை முழு எஃகுத் தகட்டால் மூடி, விளிம்புகளை இடைவெளி இல்லாமல் அடையுங்கள். முடிந்தால் பந்தயத்துக்கான ஃபியூயல் செல் (மோதலில் எளிதில் கிழியாத டேங்க்) ஒன்றையும் வாங்கிப் பொருத்துங்கள்.

ரோல் கேஜ், அதாவது வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்கும் குழாய்க் கூண்டு வேலையை, அனுபவமுள்ள வெல்டரிடம் கொடுங்கள். நீங்கள் ஓட்டப்போகும் அமைப்பின் விதிநூலில் குழாயின் விட்டமும் தடிமனும் குறிப்பிடப்பட்டிருக்கும். அதை வாங்கிப் படித்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். தோள்பட்டை பெல்ட் தோளிலிருந்து பின்னோக்கிக் கிட்டத்தட்ட நேர்மட்டத்தில் போகவேண்டும். அதைத் தரையில் கட்டினால் விபத்தில் முதுகெலும்பை நசுக்கும். கை எட்டும் தூரத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

படி 4: முன் சஸ்பென்ஷன்

முழு வேலையிலும் மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய பலன் தருவது இந்த இடம். கம்பெனி விட்டபடி இருந்தால், வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல்நுனி வெளியே சரியும்; டயரின் ஓரம் மட்டுமே தரையைப் பிடிக்கும். ஃபோர்டின் பொறியாளர் கிளாஸ் ஆர்னிங் கண்ட தீர்வு மிக எளியது. சக்கரத்தை உடலோடு இணைக்கும் மேல் கண்ட்ரோல் ஆர்மைத் தாங்கும் இரண்டு துளைகளையும் ஓர் அங்குலம் கீழே இறக்குவதுதான் அது. அதன் பிறகு சக்கரம் மேலேறும்போது அதன் மேல்நுனி உள்ளே இழுக்கப்பட்டு, டயர் தரையோடு படிந்து நிற்கும். ‘ஷெல்பி டிராப்’ என்று இன்றும் சொல்வது இதைத்தான்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. முன் ஸ்பிரிங் அந்த மேல் ஆர்மின் மீதே அழுந்தி உட்கார்ந்திருக்கிறது. அதற்கென்றே உள்ள கம்ப்ரஸர் கருவியால் அமுக்கி வெளியே எடுக்காமல் ஒரு நட்டைக்கூடத் தளர்த்தாதீர்கள். தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும்.

ஸ்பிரிங்கும் ஆர்மும் வெளியே வந்த பிறகு, புதிய துளைகளின் இடத்தைக் காட்டும் மாதிரித் தகட்டைப் பழைய துளைகளில் போல்ட் போட்டு இறுக்குங்கள். முதலில் மெல்லிய பிட், பிறகு படிப்படியாகப் பெரியது. ஒரேயடியாகப் பெரிய பிட்டை வைத்தால் அது வழுக்கி, துளை நீள்வட்டமாகிவிடும். வெட்டெண்ணெய் விட்டு, வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். துளையின் பிசிறை அரத்தால் தேய்த்து, பெயிண்ட் தொட்டுவிடுங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் இறக்கினால் ஆர்மின் நுனியிலுள்ள பால் ஜாயிண்ட் சிக்கிக்கொள்ளும். அதற்குத் தனி ஆப்புத் தகடு வேண்டும். முதல் வண்டிக்கு அந்த ஆசை வேண்டாம்.

கூடவே கடினமான ஸ்பிரிங், நல்ல ஷாக் அப்சார்பர், ஓர் அங்குல விட்டமுள்ள முன் ஆன்ட்டி-ரோல் பார் (வளைவில் சாய்வதைக் குறைக்கும் கம்பி).

படி 5: பிரேக்

பழைய மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது. எங்கோ ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. முதல் வேலையாக இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுங்கள். முன்னால் டிரம் போய் டிஸ்க் வரட்டும். 1965லேயே நான்கு பிஸ்டன் டிஸ்க் விருப்பத் தேர்வாகக் கிடைத்தது என்பதால், பொருத்தமான பாகங்களுக்குப் பஞ்சமில்லை. பின்பக்கக் குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றை வைக்காவிட்டால், பின் டிரம் முந்திப் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். பழைய ரப்பர் ஹோஸ்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதிய டாட் 4 வகை பிரேக் திரவம் ஊற்றுங்கள்.

படி 6: பின் அச்சும் சக்கரமும்

பின்னால் லீஃப் ஸ்பிரிங்கே போதும். ஆனால் முடுக்கும்போது அது எஸ் வடிவில் முறுக்கிக்கொண்டு சக்கரம் துள்ளும். அச்சின் மேலிருந்து முன்னோக்கிப் போகும் டிராக்‌ஷன் பார் அதைத் தடுக்கும். ஒரு பின் சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் பிறகு வரலாம். 15 அங்குலச் சக்கரம், 7 அங்குல அகலம் போதும். டயர் மட்கார்டில் உரசுகிறதா என்று ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பிப் பாருங்கள்.

படி 7: எஞ்சின்

இப்போதைக்குச் சக்தியைக் கூட்டாதீர்கள், உயிரோடு வைத்திருங்கள். தொடர்ந்து ஓட்டும்போது பழைய ரேடியேட்டர் திணறும், பெரிய அலுமினிய ரேடியேட்டர் தேவை. நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சினால் பேரிங் போய்விடும். உள்ளே தடுப்புகள் வைத்த ஆயில் சம்ப்பும், எண் காட்டும் ஆயில் பிரஷர் மீட்டரும் கட்டாயம்.

படி 8: அலைன்மென்ட்டும் முதல் ஓட்டமும்

முன் சக்கரத்துக்கு மைனஸ் ஒன்றரை டிகிரி கேம்பர் (சக்கரத்தின் மேல்நுனி உள்ளே சாய்வது), பிளஸ் மூன்று டிகிரி காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு பின்னோக்கிச் சாய்வது), மிகச் சிறிய டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருப்பது) என்று தொடங்குங்கள். புதிய பிரேக் பேடுகளைப் படிப்படியாகச் சூடாக்கி, முழுவதும் ஆறவிட்டுப் பழக்குங்கள். தடத்தில் முதல் சில சுற்றுகள் மெதுவாகப் போய்த் திரும்பி, சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். அடியில் குனிந்து கசிவு இருக்கிறதா என்று தேடுங்கள்.

பிறகு வேகமாக ஓட்டிவிட்டு உள்ளே வந்ததும், டயர் ஆறுவதற்குள் அதன் உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூன்றிலும் வெப்பத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். வெளி ஓரம் அதிகம் சூடாக இருந்தால் நெகட்டிவ் கேம்பர் இன்னும் கொஞ்சம் வேண்டும். உள் ஓரம் கொதித்தால் குறையுங்கள். நடுப்பகுதி மட்டும் சூடானால் காற்று அதிகம். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, மறுபடி ஓட்டி, மறுபடி அளவெடுங்கள். மூன்று அளவுகளும் நெருங்கி வந்து, அதற்குப் பிறகும் நேர்ப்பாதையில் மற்ற வண்டிகள் உங்களைத் தாண்டிப் போகின்றன என்றால், அப்போது கேம் ஷாஃப்ட் வாங்கலாம்.