குளிர்கால மாலையில் கணப்பு மூட்டி, குடும்பத்தோடு உட்கார

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கத்துப் பழைய பங்களாக்களின் கூடத்தில் கணப்பு, அதாவது புகைபோக்கியோடு சுவரில் கட்டிய நெருப்பிடம், கட்டாயம் இருக்கும். 1820களில் ஆங்கிலேயர்கள் இங்கே வீடு கட்டத் தொடங்கியபோது கூடவே வந்த வழக்கம் இது. இன்றைக்குப் பல வீடுகளில் அது பூச்சாடி வைக்கும் மாடமாகிவிட்டது. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி மாதங்களிலாவது அதை மறுபடி மூட்டுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தப் பதிவு.

மூட்டும் நேரம் முக்கியம். சாப்பிட்டு முடித்து ஒன்பது மணிக்குப் பற்றவைத்தால், தணல் பக்குவமாகும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். ஆறு மணிக்கே தொடங்குங்கள்.

1. முதலில் புகைபோக்கி

பல வருடம் மூடிக் கிடந்த கணப்பு என்றால், ஆள் வைத்துச் சுத்தம் செய்யாமல் நெருப்பைக் காட்டவே கூடாது. உள்ளே பறவைக் கூடு இருக்கலாம். பழைய புகையின் தார் படிந்திருந்தால் அதுவே தீப்பிடிக்கும். செங்கல்லில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு வருடம் ஒருமுறை, குளிருக்கு முன்னால் சுத்தம் செய்தால் போதும்.

2. விறகு

வெட்டிப் பிளந்து, மழை படாமல் ஆறு மாதத்துக்கு மேல் காய்ந்தது வேண்டும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள். கணீரென்று கேட்டால் காய்ந்தது, மந்தமாகக் கேட்டால் ஈரம். நீலகிரியில் சீகை (வாட்டில்) விறகு கிடைத்தால் விடாதீர்கள், நின்று எரியும். கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நன்றாகச் சூடு தரும். பைனில் பிசின் அதிகம், பொறி பறக்கும். பற்றவைக்கச் சிறு குச்சியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். விறகைக் கடையில் வாங்குங்கள், காட்டில் பொறுக்க வேண்டாம். வர்ணம் பூசிய பலகையும் பிளாஸ்டிக்கும் உள்ளே போகவே கூடாது.

3. மூட்டுவது

புகை போகும் வழியைத் திறந்து மூடும் புகைபோக்கித் தட்டை முழுக்கத் திறந்துவிடுங்கள். ஒரு ஜன்னலையும் இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். கனமான கட்டைகள் அடியில், அதன் மேல் நடுத்தரமானவை, உச்சியில் சுள்ளியும் கசக்கிய செய்தித்தாளும். ஆமாம், தாள் மேலேதான். தீ மேலிருந்து கீழே இறங்கும்போது புகை குறைவாக வரும், அடிக்கடி கிளறவும் வேண்டாம்.

பற்றவைக்கும் முன் ஒரு தாளைச் சுருட்டிக் கொளுத்தி, புகைபோக்கியின் வாய்க்கு நேராகக் கொஞ்ச நேரம் பிடியுங்கள். உள்ளே தேங்கிய குளிர்ந்த காற்று சூடாகி மேலே ஏறினால்தான் புகை வீட்டுக்குள் திரும்பாது. மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் ஊற்றாதீர்கள்.

4. உட்காரும் நேரம்

திறந்த கணப்பின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகவே போய்விடும். அறை முழுவதும் கதகதப்பாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். எதிரில் இருப்பவர் மேல்தான் அனல் படும். அதனாலேயே எல்லாரும் ஒரே இடத்தில் நெருங்கி உட்கார வேண்டியிருக்கிறது. எனக்கு அதில் பிடித்ததே இதுதான். முன்னால் கம்பிவலைத் தடுப்பு வைத்து, ஒரு மீட்டர் தள்ளிப் பாயை விரியுங்கள். அம்மாச்சிக்கோ தாத்தாவுக்கோ நாற்காலி பக்கவாட்டில் இருக்கட்டும், முகத்தில் அனல் அடிக்காது. விளக்கை அணைத்துவிடுங்கள். கைப்பேசிகளை இன்னொரு அறையில் வைத்துவிட்டு வந்தால் நல்லது.

தீ கொழுந்துவிடும் முதல் ஒரு மணி நேரம் டீக்கும் ஊட்டி வர்க்கிக்கும், பாட்டுக்குப் பாட்டுக்கும். அப்புறம் தணல் சிவந்து அடங்கியதும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையோ உருளைக் கிழங்கையோ ஓரத்துச் சாம்பலில் புதையுங்கள். முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும், நடுவில் இடுக்கியால் ஒருமுறை திருப்புங்கள். பெரியவர்கள் பழைய கதையை எடுப்பது இந்தக் காத்திருப்பில்தான். குறுக்கே பேசாமல் கேளுங்கள். “அந்த வீட்டை ஏன் வித்தீங்க?” என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும், கிழங்கு வெந்தது கூட மறந்துவிடும்.

5. படுக்கப் போகும் முன்

இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம். தணல் இருக்கும்போது தட்டை மூடினால் கார்பன் மோனாக்சைடு அறையில் தங்கும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது, தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். தட்டும் ஜன்னலும் காலை வரை திறந்தே இருக்கட்டும். படுக்க ஒரு மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்துங்கள். கணப்பு இல்லாத அறைக்குள் கரி அடுப்பைக் கொண்டுபோவதும் இதே ஆபத்துதான்.

சாம்பலுக்குள் கங்கு நாள் கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வெளியே வைத்து, நன்றாக ஆறிய பிறகு முட்டைக்கோஸ், பீன்ஸ் பாத்திகளில் கொஞ்சமாகத் தூவலாம். தேயிலையும் அசேலியாப் பூச்செடியும் புளிப்பு (அமில) மண்ணை விரும்புபவை, அவற்றுக்குப் போட வேண்டாம்.