பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால்: மகப்பேறு வார்டில் செய்ய வேண்டியவை

தாய்ப்பால் கொடுப்பது தாயின் மனஉறுதியை மட்டும் சார்ந்தது அன்று. வார்டின் வழக்கங்களே அதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. அதனால்தான் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1991-இல் குழந்தை நேய மருத்துவமனைத் திட்டத்தைத் தொடங்கின. தாய்ப்பாலூட்டலுக்கு மருத்துவமனைகள் பின்பற்ற வேண்டிய அதன் பத்துப் படிகள் 2018-இல் திருத்தப்பட்டன.

முதல் ஒரு மணி நேரமே முக்கியம். நன்றாக அழுது மூச்சுவிடும் குழந்தையைத் துடைத்து, தாயின் வெற்று மார்பில் குப்புறப் படுக்கவைத்து, தலைக்குக் குல்லாய் போட்டு, இருவரையும் ஒரே துணியால் போர்த்திவிட வேண்டும். எடை பார்ப்பதும், வைட்டமின் கே ஊசியும், உறவினரிடம் காட்டுவதும் அந்த ஒரு மணி நேரம் முடியும்வரை காத்திருக்கலாம். குழந்தையின் மூக்கு மூடாமல் இருக்கிறதா, நிறமும் மூச்சும் சீராக உள்ளனவா என்று செவிலியர் அருகிலிருந்து கவனிக்க வேண்டும். சற்று நேரத்தில் குழந்தை நாக்கை நீட்டும், கையைச் சப்பும், மெல்ல மார்பை நோக்கி நகரும். அப்போது அவசரப்பட்டு அதன் தலையைப் பிடித்து அழுத்தக் கூடாது.

சிசேரியன் ஆனவர்களுக்கும் இது பொருந்தும். முதுகில் மயக்க ஊசி போடப்பட்ட தாய் விழிப்புடன் இருப்பதால், இருவரும் நலமாக இருந்தால் அறுவை அரங்கிலேயே குழந்தையை மார்பில் கிடத்தலாம். வார்டுக்கு வந்த பின், தையலில் பாரம் விழாதபடி ஒருக்களித்துப் படுத்தோ, குழந்தையைக் கக்கத்தில் அணைத்தோ பால் கொடுக்கச் செவிலியர் உதவ வேண்டும்.

குழந்தை சரியாகக் கவ்வியிருக்கிறதா என்பதை ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளிப்புறம் மடிந்து, தாடை மார்பைத் தொட்டிருக்க வேண்டும். காம்பை மட்டும் சப்பினால் புண்ணாகும், பாலும் போதாது. குழந்தை தாயின் அருகிலேயே இருந்தால்தான் பசிக்குறிப்பு தெரியும், நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பாலூட்டவும் முடியும்.

“பால் இன்னும் ஊறவில்லை” என்று பாட்டிமார் கவலைப்படுவது இயல்பு. முதல் நாளில் ஒரு வேளைக்குச் சில மில்லிலிட்டர் சீம்பாலே போதும் என்பதையும், தேனும் சர்க்கரைத் தண்ணீரும் சேனையாக வைக்கக் கூடாது என்பதையும் பிரசவத்துக்கு முன்பே அவர்களையும் உட்காரவைத்து விளக்குவது நல்லது, ஏனெனில் வார்டில் தாய்க்குத் துணையிருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம்.

மருத்துவக் காரணத்தால் குழந்தை நேரடியாகக் குடிக்க முடியாவிட்டால், பாலைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம், புட்டி வேண்டாம். பால் பவுடர் நிறுவனங்களின் இலவச மாதிரிகளையும் விளம்பரங்களையும் குழந்தைகளுக்கான பால் மாற்று உணவுகள் பற்றிய இந்தியாவின் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பதால், அவற்றை வார்டுக்குள் அனுமதிக்கவே கூடாது.

வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு முழு வேளை பாலூட்டலைப் பார்த்து, குழந்தையின் எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறப்பெடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மருத்துவர் பரிசோதிக்காமல் அனுப்பக் கூடாது. மார்பு கட்டிக்கொண்டாலோ, குழந்தை சோர்ந்து குடிக்க மறுத்தாலோ யாரை அழைப்பது என்பதை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும்.