பாரம்பரியப் பகுதியில் வீட்டைத் திருத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரம்பரியப் பகுதியில் உள்ள வீடுகளில் செய்யும் மாற்றங்களுக்கு ஒப்புதல் தரும் மறுஆய்வுக் குழுவின் கூட்டத்தில், சென்ற மாதம் என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் எழுந்த இளம் கட்டட வடிவமைப்பாளர், "தெருப்பக்க ஜன்னல்கள் எல்லாம் பழுதடைந்துவிட்டன, ஆகவே புதியவற்றைப் பொருத்த அனுமதி வேண்டும்" என்று கூறிவிட்டு, ஜன்னல் விற்பனையாளரின் வண்ணக் கையேட்டை மேசையில் வைத்தார். எந்த ஜன்னலில் எந்தப் பகுதி எவ்வளவு கெட்டிருக்கிறது என்று உறுப்பினர் ஒருவர் கேட்டபோது அவரிடம் பதில் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ இதே வரியை எழுதிக்கொண்டுபோய், இதே கேள்விக்கு விடை தெரியாமல் நின்றவன் நான். அன்று மாலையே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

அனுமதி கேட்காமல் வேலையைத் தொடங்குவது, கெடு தேதியைத் தவறவிடுவது, படிவத்தைப் பாதி நிரப்பி அனுப்புவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவை தவறு என்பது செய்கிறவருக்கே தெரியும். தவறு என்று தெரியாமலேயே, நல்ல எண்ணத்தோடும் நிறையச் செலவோடும் செய்யப்படுகிற தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

எந்தச் சட்டத்தின் கீழ் வீடு வருகிறது என்று பாராதிருப்பது

"பாரம்பரிய வீடு" என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு சட்ட நிலைகள் அடங்கியிருக்கின்றன. அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த, வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் ஒரு வீடு இடம்பெற்றிருப்பது, உரிமையாளர் தம் சொந்தப் பணத்தில் செய்யும் மாற்றத்தைத் தன்னளவில் தடுப்பதில்லை. அங்கே கட்டுப்படுத்துவது உள்ளூர் நிர்வாகத்தின் விதி. சார்ல்ஸ்டன் நகரம் 1931இல் இயற்றிய விதியே அந்நாட்டில் இவ்வகையில் முதலாவது. இங்கிலாந்தில் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான பாரம்பரியப் பாதுகாப்புப் பகுதிகள் ஒரு வகை. தனித்தனியாகப் பட்டியலிடப்பட்ட கட்டடங்கள் வேறு வகை. பட்டியலிடப்பட்ட கட்டடத்தில் உட்புறத்துக்கும் சேர்த்தே பாதுகாப்பு உண்டு. ஒப்புதலின்றி அதன் இயல்பைப் பாதிக்கும் மாற்றத்தைச் செய்வது குற்றவியல் குற்றமாகும். தேவையற்ற அச்சத்தில் எதையும் தொடாமல் வீட்டைச் சிதையவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். பதிவேட்டில் இல்லை என்ற தைரியத்தில் உள்ளூர் விதியை மீறியவர்களையும் பார்த்திருக்கிறேன். வரைபடம் போடுவதற்கு முன்பே, உங்கள் வீட்டு எண்ணைச் சொல்லி, எந்த விதி எந்தப் பக்கத்துக்குப் பொருந்தும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஜன்னல்களை ஆராயாமலே கழற்றுவது

இதைப் பற்றி நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. பிற தவறுகளில் பெரும்பாலானவற்றைப் பின்னால் ஓரளவு சரிசெய்துவிடலாம். கழற்றிக் குப்பையில் போட்ட நூறாண்டு ஜன்னலைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

என் முதல் பெரிய வேலை, தெருமுனையில் இருந்த ஓர் இரண்டு மாடி வீடு. அதில் மேலும் கீழுமாக நகரும் வகையைச் சேர்ந்த 14 மர ஜன்னல்கள் தெருவைப் பார்த்தபடி இருந்தன. பின்புறம் இன்னும் நான்கு. குளிர்காற்று புகுகிறது, பாதி ஜன்னல்களைத் திறக்கவே முடியவில்லை, திறந்தவை நிற்காமல் விழுகின்றன என்று உரிமையாளர் அம்மையார் சொன்னார். நான் அறைகளைச் சுற்றி நடந்து, உரிந்த வண்ணத்தையும், கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டிப் பிடிக்கும் பட்டி (putty) உதிர்ந்திருப்பதையும் பார்த்துவிட்டு, "எல்லாம் உளுத்துவிட்டன" என்று தீர்ப்பு எழுதினேன். கையில் ஓர் ஊசியோ திருப்புளியோ இல்லை. ஒரு ஜன்னலைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. அதைவிட மோசமாக, குழுவின் கூட்டம் சடங்குக்குத்தான் என்று நினைத்து, அளவெடுத்துச் செய்யும் இரட்டைக் கண்ணாடி பிவிசி ஜன்னல்கள் 18ஐயும் முன்பணம் கொடுத்து வாங்கச் சொல்லிவிட்டேன். அளவுக்கேற்பச் செய்த பொருளைக் கடைக்காரர் திரும்ப எடுப்பதில்லை.

குழு என் விண்ணப்பத்தை ஒத்திவைத்தது. அனுபவமுள்ள தச்சர் ஒருவர் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்து அறிக்கை தரவேண்டும் என்றார்கள். வந்தவர் முதிய மனிதர். மெல்லிய குத்தூசியால் ஒவ்வொரு கண்ணாடிச் சட்டத்தின் நான்கு மூலைகளையும், மழைநீர் தேங்கும் கீழ்ப்படியையும் குத்திப் பார்த்துக்கொண்டே போனார். பெரும்பாலான இடங்களில் ஊசி நுனி மரத்தின் மேல் ஒரு புள்ளியைத்தான் வைத்தது. மூன்று ஜன்னல்களின் அடிக்கட்டையில், அதுவும் ஒரே மூலையில், விரற்கடை ஆழம் உள்ளே இறங்கியது. பிறகு ஒரு ஜன்னலின் நிலையில், அதாவது சுவரில் பதிந்த வெளிச்சட்டத்தின் பக்கவாட்டில், வண்ணத்துக்கு அடியில் மறைந்திருந்த சிறிய மரமூடியை உளியால் நெம்பித் திறந்து, கையை உள்ளே விட்டு, அறுந்த கயிற்றின் துணுக்கோடு ஓர் இரும்பு எடைக்கட்டியை வெளியே எடுத்து என்னிடம் நீட்டினார். கண்ணாடிச் சட்டத்தின் எடையைச் சமன்செய்து அதை நின்ற இடத்தில் நிற்கவைப்பது அந்தக் கட்டிதான். கயிறு அறுந்ததால் அது உள்ளே விழுந்துகிடந்தது. அதனால்தான் ஜன்னல் விழுந்தது. திறக்காத ஜன்னல்களோ, பல தடவை பூசிய வண்ணத்தால் நிலையோடு ஒட்டிக்கொண்டவை. மூன்று மூலைகளுக்கு மர ஒட்டு, 18க்கும் புதுக் கயிறு, புதுப் பட்டி, வண்ணம்: இவ்வளவுதான் அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது.

தெருப்பக்கத்து 14 ஜன்னல்களும் அப்படியே பழுதுபார்க்கப்பட்டன. பின்புறம் தெருவிலிருந்து தெரியாது என்பதால் குழு வற்புறுத்தவில்லை. வாங்கிவிட்டோமே என்று அந்த நான்கையும் மாற்றினோம். சில ஆண்டுகளில் இரட்டைக் கண்ணாடிகளின் விளிம்பு அடைப்பு விட்டுப்போய், இரண்டுக்கும் நடுவே ஈரம் படிந்து, கண்ணாடி பாலாடை படிந்ததுபோல் மங்கிவிட்டது. அடைப்பு விட்டுப்போன பிறகு அந்தக் கண்ணாடித் தொகுதியை முழுவதுமாக மாற்றுவதைத் தவிர வழியில்லை. பழைய ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்தால் ஒரு கண்ணாடியை மாற்றலாம், ஒரு கட்டை இற்றால் ஒரு கட்டையை மாற்றலாம். மீதி 14 புதிய ஜன்னல்கள் கொட்டகையில் உறை பிரிக்கப்படாமல் கிடந்தன. அந்த அம்மையார் என்னை ஒருமுறைகூடக் கடிந்துகொள்ளவில்லை; அந்த இழப்பு என் அவசரத்தால் வந்தது என்ற வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

பழைய மரத்தை ஏன் இவ்வளவு மதிக்க வேண்டும் என்று கேட்பார்கள். காட்டில் மெதுவாக வளர்ந்த முதிர்மரத்தில் ஆண்டு வளையங்கள் நெருங்கி இருக்கும். இன்று விரைவில் வளர்த்து வெட்டும் மரத்தைவிட அது பெரும்பாலும் அடர்த்தியானது, ஈரத்தைத் தாங்கவும் வல்லது. கண்ணாடியும் அப்படித்தான். உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யும் தட்டைக் கண்ணாடியைப் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. அதற்கு முந்தைய சாதாரண ஜன்னல் கண்ணாடிகளில் இலேசான அலை இருக்கும். எதிர்வீட்டு மரத்தின் பிம்பம் அதில் நெளிந்து தெரியும். அந்த நெளிவைப் புதுக் கண்ணாடி தராது.

குளிருக்கு என்ன வழி என்பது நியாயமான கேள்வி. காற்று பெரும்பாலும் கண்ணாடி வழியாக அல்ல, இடுக்குகள் வழியாகவே புகுகிறது. சட்டம் நகரும் தடத்தில் உலோகப் பட்டையோ தூரிகை நாரோ பதித்து, வெளிப்புறத்திலோ உட்புறத்திலோ எளிதில் கழற்றக்கூடிய ஒரு கூடுதல் கண்ணாடிச் சட்டத்தைப் பொருத்தினால், இரட்டைக் கண்ணாடிக்கு நெருங்கிய பயன் கிடைக்கும். எனக்குத் தெரிந்த குழுக்கள் இந்த ஏற்பாட்டுக்குத் தயக்கமின்றி ஒப்புதல் அளிக்கின்றன. ஏனெனில் அது பழையதை அழிப்பதில்லை.

குழு எந்த வரிசையில் யோசிக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். அமெரிக்க உள்துறைச் செயலரின் பெயரால் வழங்கும் சீரமைப்புத் தரநிலைகள் பத்து. அவற்றில் ஆறாவது, சிதைந்த உறுப்பை மாற்றுவதைவிடப் பழுதுபார்க்க வேண்டும் என்றும், மாற்றியே தீரவேண்டிய அளவுக்குச் சிதைவு இருந்தால் புதியது வடிவம், நிறம், மேற்பரப்பு ஆகியவற்றிலும் இயன்றவரை பொருளிலும் பழையதை ஒத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே "எதைப் பொருத்தலாம்" என்பது அவர்களுடைய இரண்டாவது கேள்வி. "இதைக் காப்பாற்ற முடியாது என்று எப்படித் தெரியும்" என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை சொல்லும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஓர் எண் கொடுங்கள். நிலை, கீழ்ப்படி, அடிக்கட்டை, குறுக்குச் சட்டங்கள், பட்டி, கண்ணாடி, கயிறு என்று தனித்தனியாக நிலைமையை எழுதுங்கள். ஊசி இறங்கிய இடத்தை அளவுகோலோடு படம் எடுங்கள். 14இல் இரண்டு மட்டும் உண்மையிலேயே காப்பாற்ற முடியாதவை என்று காட்டினால், அந்த இரண்டுக்கும் அனுமதி கிடைப்பது கடினமாக இருக்காது.

மாற்றுவதென்று முடிவானால், அளவு சரியாக இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கண்ணாடி சுவரின் முகத்திலிருந்து எவ்வளவு உள்ளே அமைந்திருக்கிறது, குறுக்குச் சட்டத்தின் அகலம் என்ன, அதன் விளிம்பு எப்படிச் செதுக்கப்பட்டிருக்கிறது என்பவைதான் வெயிலில் நிழலைத் தீர்மானிக்கின்றன. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்த தட்டையான போலிச் சட்டம் நிழல் தராது. தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாலே முகப்பு வெறிச்சென்று தெரியும்.

ஓர் எச்சரிக்கை. பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். அமெரிக்காவில் வீடுகளுக்கான ஈய வண்ணம் 1978இல்தான் தடைசெய்யப்பட்டது. உலர்ந்த நிலையில் சுரண்டித் தூள் பறக்கவிடாதீர்கள். நனைத்துச் சுரண்டுங்கள், குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அந்தப் பக்கம் வராமல் பாருங்கள்.

சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பாயிண்டிங்

போர்ட்லண்ட் சிமெண்டுக்கு 1824இல் காப்புரிமை வழங்கப்பட்டபோதிலும், அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் வீடுகள் சுண்ணாம்புச் சாந்தில்தான் கட்டப்பட்டன. சுண்ணாம்பு மென்மையானது, ஈரத்தை வெளியேவிடக்கூடியது. சுவர் அசையும்போது முதலில் விரிசல் விடுவதும் அதுதான், எளிதாகச் சரிசெய்யக்கூடியதும் அதுதான். சாந்து உதிர்கிறது என்று செங்கற்களின் இணைப்புகளில் கடினமான சிமெண்டைத் திணித்தால் (பாயிண்டிங் என்பது இதுதான்) ஈரம் செங்கல் வழியாக மட்டுமே வெளியேற வேண்டியதாகிறது. உப்பும் உறைபனியும் செங்கல்லின் முகத்தைத் தகடு தகடாகப் பெயர்த்துவிடுகின்றன. கொத்தனார் "பலமாக இருக்கும்" என்று சொல்வது உண்மைதான். செங்கல்லைவிடப் பலமாக இருப்பதுதான் அதன் கேடு. விண்ணப்பத்தில் கலவையின் விகிதத்தையும் இணைப்பின் அகலத்தையும் எழுதுங்கள். சுவரின் ஒதுக்குப்புறத்தில் ஒரு சிறு பகுதியை மாதிரியாகச் செய்து காய்ந்த பின் குழுவுக்குக் காட்டுங்கள்.

மணலைப் பீய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்வது

வேண்டாம். சுட்ட செங்கல்லின் கெட்டியான மேல்தோல் போய்விட்டால் திரும்ப வராது.

"பக்கத்து வீட்டில் இருக்கிறதே"

அந்த மாற்றம் பகுதி அறிவிக்கப்படுவதற்கு முன் நடந்திருக்கலாம், அனுமதியின்றி நடந்திருக்கலாம், அந்த வீடே பிற்காலத்தியதாக இருக்கலாம். இந்த வாதம் வென்றதை நான் பார்த்ததில்லை.

இல்லாத பழமையைச் சேர்ப்பது

பழைய பகுதி என்பதால் பழையதுபோல் எதைச் சேர்த்தாலும் குழு மகிழும் என்று புதியவர்கள் எண்ணுகிறார்கள். எளிய தொழிலாளர் வீடாகக் கட்டப்பட்டதற்குச் செதுக்கிய தூண்களும் வளைவுகளும் வைத்த வரைபடங்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதே பத்துத் தரநிலைகளில் மூன்றாவது, ஊகத்தின் பேரில் அலங்காரங்களைச் சேர்த்து வீட்டின் வரலாற்றைப் பொய்யாகக் காட்டக்கூடாது என்கிறது. ஒன்பதாவது, புதிய பகுதி பழையதோடு இயைந்தும் அதே சமயம் அதிலிருந்து வேறுபடுத்தி அறியத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பின்புறம் ஒரு கூடுதல் அறை, பழைய கூரையைவிடத் தாழ்ந்த கூரை, பழைய சுவரிலிருந்து சற்று உள்வாங்கிய இணைப்பு, எளிய விளிம்புகள்: இப்படி வரைந்தால் பேச்சு விரைவில் முடிகிறது. ஒரு காலத்தில் திண்ணையோ முகப்புக் கூரையோ இருந்ததென்று நீங்கள் சொன்னால், பழைய புகைப்படமோ சுவரில் உத்தரம் பதிந்திருந்த தடமோ காட்ட வேண்டும்.

கட்டட அனுமதியைக் குழுவின் ஒப்புதலாக எண்ணுவது

இரண்டும் வேறு. இரண்டும் வேண்டும்.

ஒப்புதலுக்குப் பின் "சின்ன மாற்றம்"

சுவரைத் திறந்தபின் எதிர்பாராதது தெரிவது இயல்பு. அடித்தளக் கட்டை இற்றிருக்கும், மூடிவைத்த பழைய வாசல் தென்படும். அப்போது ஒப்பந்தக்காரர் தாமாக ஒரு முடிவெடுத்து வேலையைத் தொடர்வார். முடிந்த வேலை ஒப்புதல் பெற்ற வரைபடத்தோடு ஒத்துப்போகாது. பல நிர்வாகங்களில் சிறு மாற்றங்களைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகாமல் அலுவலர் மட்டத்திலேயே அனுமதிக்க முடியும். வேலையை அந்த இடத்தில் மட்டும் நிறுத்தி, படம் எடுத்து அனுப்பி, எழுத்தில் பதில் பெற்றுக்கொள்ளுங்கள். ஒப்புதல் ஆணையின் நகலையும் முத்திரையிட்ட வரைபடத்தையும் வேலை நடக்கும் இடத்தில் கொத்தனார், தச்சர் கண்ணில் படும்படி ஒட்டிவைப்பது என் வழக்கம். கழற்றிய கதவு, கொண்டி, கம்பி, கண்ணாடி எதையும் இறுதி ஆய்வு முடியும்வரை வெளியே எறிய விடுவதில்லை. ஒவ்வொன்றிலும் அது இருந்த அறையின் பெயரையும் ஜன்னலின் எண்ணையும் எழுதிய சீட்டைக் கட்டி, நனையாத இடத்தில் அடுக்கச் சொல்கிறேன்.